அப்பா போட்டோவுக்கு சாப்ட்வேர் தேடாத தம்பி, ஃபைல தேடு

கேள்வி: அண்ணா வணக்கம். எனக்கு தண்டையார்பேட்டை. அப்பா ஹார்பர்ல வேலை பாத்தாரு, தவறி அடுத்த மாசத்தோட ஒரு வருஷம் ஆவுது. அவர தனியா எடுத்த போட்டோன்னு வீட்ல ஒண்ணும் இல்ல. 2017-ல அக்கா கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோ ஒண்ணு மாமா வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சாரு, அதுல சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அத கட் பண்ணி 16×20 பிரேம் போடலாம்னு பாத்தா கடையில பிக்சல் உடையும்ங்கிறாங்க. போன்ல நாலு ஆப் போட்டுப் பாத்துட்டேன், மூஞ்சி மெழுகு பொம்மை மாதிரி வருது. குவாலிட்டி போகாம பெருசாக்க நல்ல சாப்ட்வேர் எது? இன்னொண்ணு, தங்கச்சி பேங்க் எக்ஸாமுக்கு அப்ளை பண்றா, போட்டோ 50 கேபிக்குள்ள கேக்குது, கேபிய கம்மி பண்ணா மூஞ்சி கட்டம் கட்டமா ஆயிடுது. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க.

பதில்: தம்பி, வாங்க போங்கன்னு எழுதலாம்னுதான் உக்காந்தேன், தம்பின்னு ஆரம்பிச்ச உடனே நீ தான் வருது, தப்பா எடுத்துக்காத. பழைய வண்ணாரப்பேட்டைல ஸ்டுடியோ வச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, வாரத்துக்கு ரெண்டு பேராவது இதே கேள்வியோட வந்து நிப்பாங்க, அதுல பாதி பேரு கையில இருக்குறது உன்னோடது மாதிரியே வாட்ஸ்அப்ல வந்த குரூப் போட்டோதான்.

நீ அனுப்புன ஃபைல திறந்து பாத்தேன். 1600-க்கு 1066 பிக்சல், பிக்சல்னா படத்துல இருக்குற குட்டி குட்டி கலர் புள்ளி. மேடையில மொத்தம் 11 பேரு நிக்கிறாங்க, அப்பா வலது பக்கம் ஓரத்துல மூணாவது ஆளு. அவர தலையில இருந்து இடுப்பு வரைக்கும் 16×20 கணக்குக்கு கட்டம் போட்டு வெட்டுனா எனக்கு கெடச்சது 210-க்கு 262. பெருக்குனா 55,020 பிக்சல், அவ்ளோதான் அந்த ஃபைல்ல உங்க அப்பா. 16×20-ஐ 300 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி வச்சு, பிரிண்ட் போட 4800-க்கு 6000 வேணும், அது 2 கோடியே 88 லட்சம் பிக்சல். அதாவது அப்பாவோட ஒவ்வொரு நெஜ பிக்சலுக்கும் பக்கத்துல 522 பிக்சல சாப்ட்வேர் கையில இருந்து போட்டு நிரப்பணும். எந்த சாப்ட்வேரா இருந்தாலும் சரி, காசு குடுத்து வாங்குனதோ ஓசியோ, 522 பிக்சல அது எங்க இருந்து கொண்டு வரும்னு நினைக்கிற? பக்கத்து பிக்சல பாத்து குத்துமதிப்பா போடும், இல்லன்னா ஊர்ல இருக்குற மத்தவங்க மூஞ்சிய பாத்து கத்துக்கிட்டத வச்சு போடும். அரைச்ச மாவுல அரிசி பொறுக்குற வேலை அது.

அதனால குவாலிட்டி போகாம பெருசாக்குறதுன்னு ஒண்ணு போட்டோவுக்கு கிடையாது. சின்னதாக்குறதுக்கு உண்டு, அது வேற கத, தங்கச்சி விஷயத்துல சொல்றேன். கடைப் பேரு, லோகோ மாதிரி கோரல்ட்ராங்கிற வரையிற சாப்ட்வேர்ல கோடு கோடா வரைஞ்சத மட்டும் எவ்ளோ வேணா இழுக்கலாம், ஏன்னா அதுல பிக்சலே இல்ல, கணக்கு மட்டும்தான் இருக்கு. மனுஷ மூஞ்சிய அப்படி யாரும் வரைஞ்சு வைக்கல.

ஆனா உனக்கு 2 கோடியே 88 லட்சம் தேவையே இல்ல, இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அந்த 300 எங்க இருந்து வந்துச்சுன்னு எங்க தொழில்ல இருக்குறவங்களே நெறைய பேரு யோசிக்கிறதில்ல. நல்ல கண்ணு இருக்குற ஆளுக்கு ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு வரைக்கும் தனித்தனியா தெரியும், அத வச்சு இன்ச்சுக்கு எத்தன பிக்சல் வேணும்னு கணக்கு போட்டா 3438-ஐ பாக்குற தூரத்தால வகுக்கணும், தூரம் இன்ச்ல. கையில ஆல்பத்த வச்சு ஒரு அடி தள்ளி பாக்குற, 12 இன்ச், வகுத்தா 286 வரும், அத முழுசாக்கி 300-ன்னு சொல்லிட்டாங்க. மூணு அடி தள்ளி நின்னு பாத்தா 95 போதும். ஆறு அடின்னா 48. எம்சி ரோட்ல ஜவுளிக்கடை வாசல்ல தொங்குற பத்தடி ஃபிளெக்ஸ பத்தடி தள்ளி நின்னு பாக்குற ஆளுக்கு 29 இருந்தாலே ஷோக்கா தெரியும், கிட்ட போய் பாரு, மாடல் பொண்ணு மூஞ்சி பூரா புள்ளி புள்ளியா இருக்கும். பத்துக்கு எட்டடி ஃபிளெக்ஸுக்கு 12 மெகாபிக்சல் போன் போட்டோ தாராளமா போதும்னு சொன்னா நம்ம கஸ்டமருங்க இன்னும் நம்ப மாட்டேங்கிறாங்க, ஆனா அதான் நெஜம்.

இப்ப உன் விஷயம். அந்த 210 பிக்சல 16 இன்ச்சுக்கு இழுத்தா இன்ச்சுக்கு 13 தான் வருது. 13-ஐ சரியா பாக்கணும்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கணும், இருபது அடிக்கு மேல. வீட்டு ஹால்ல அது நடக்காது. கடைக்காரர் பிக்சல் உடையும்னு சொன்னது உண்மையத்தான் சொல்லிருக்காரு, காசுக்கு ஆசப்பட்டு போட்டுக் குடுக்காம இருந்தாரே, அதுக்கே அவர பாராட்டணும்.

சிலபேரு ஒரு டிரிக் சொல்லுவாங்க, போட்டோஷாப்ல இமேஜ் சைஸ்ல போய் 72-ன்னு இருக்குறத 300-ன்னு மாத்து, குவாலிட்டி ஏறிடும்னு. ரீசாம்பிள்ங்கிற டிக் எடுத்துட்டு மாத்துனா ஒரு பிக்சல்கூட மாறாது, இன்ச் கணக்கு மட்டும்தான் சுருங்கும். டிக் இருக்கும்போது மாத்துனா அது பொய் பிக்சல் போட்டு ஃபைல ஊத வைக்கும், எம்பி ஏறும், ஆளுக்கு தெளிவு ஏறாது. நானே தொழிலுக்கு வந்த புதுசுல இத பெரிய வித்தைன்னு நினைச்சு பத்து பேருக்கு சொல்லிக் குடுத்தவன்தான்.

சரி என்ன பண்ணலாம். மொதல்ல மாமா அனுப்புன ஃபைல மற. வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்புனா நீளப் பக்கத்த பெரும்பாலும் 1600 கிட்ட சுருக்கிடும், அதோட ஜேபிஜில இன்னும் ஒருக்கா அமுக்கும். ஜேபிஜின்னா என்ன பண்ணும் தெரியுமா, போட்டோவ 8-க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துலயும் கண்ணுக்கு அவ்ளோவா உறைக்காத நுணுக்கத்த தூக்கி கடாசிடும், முடி, மீசை ஓரம், சட்டை நூலு இதெல்லாம்தான் மொதல்ல போறது. மாமாவுக்கு யாரோ அனுப்பி, மாமா ஸ்டேட்டஸ் வச்சு, அதுல இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, திரும்ப உனக்கு அனுப்புனாருன்னா மூணு நாலு தடவ அமுக்குனது அது. உன் ஃபைல பெருசாக்கி பாத்தேன், அப்பா காதுக்கிட்ட கட்டம் நல்லாவே தெரியுது.

ஒரிஜினல் எங்க இருக்கும்? கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தவர்கிட்ட. 2017-ல எடுத்ததுன்னா 24 மெகாபிக்சல் கேமரான்னு வச்சுக்குவோம், 6000-க்கு 4000. வாட்ஸ்அப் ஃபைல விட அகலத்துல மூணே முக்கால் மடங்கு. அதே கட்டத்த அதுல வெட்டுனா 787-க்கு 982 கெடைக்கும், 55 ஆயிரம் இருந்த இடத்துல ஏழே முக்கால் லட்சம் நெஜ பிக்சல், அத்தனையும் உங்க அப்பாவோடது, எந்த கம்ப்யூட்டரும் கற்பனை பண்ணது இல்ல. அத 8×10-ல போட்டா இன்ச்சுக்கு 98. மேல சொன்ன கணக்க பாரு, மூணு அடில நிக்கிறவனுக்கு 95 போதும். சரியா உக்காந்துடுச்சு பாத்தியா.

பிரேம் 16×20-ஏ வாங்கிக்கோ, அந்த சைஸ்தான் வேணும்னு அம்மா ஆசப்படுறாங்கன்னு எனக்கு தோணுது. உள்ள போட்டோ 8×10, சுத்தி வெள்ளை இல்லன்னா கிரீம் கலர்ல மவுண்ட் போர்டு, பக்கவாட்டுல நாலு இன்ச்சு, மேலயும் கீழயும் அஞ்சு இன்ச்சு வரும். மாலை போட்டா அந்த போர்டு மேலதான் விழும், மூஞ்சிய மறைக்காது. 16×20 முழுக்க போட்டோவா அடைச்சு மாலை போட்டு பாதி மூஞ்சி மறைஞ்சு போற பிரேம விட இது நல்லாவே இருக்கும், நான் போட்டுக் குடுத்த வீடுங்கள்ல யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல.

போட்டோகிராபர் ஹார்ட் டிஸ்க் போச்சு, டெலிட் பண்ணிட்டேன்னு சொன்னா மனசு உடஞ்சு போயிடாத, அக்கா வீட்ல கல்யாண ஆல்பம் இருக்கும்ல. ஆல்பத்துல அந்த குரூப் போட்டோ பெரிய பக்கத்துல இருந்துச்சுன்னா ஃபிளாட் பெட் ஸ்கேனர்ல 600 டிபிஐல ஸ்கேன் எடு, லேப் பிரிண்ட்ல பெரும்பாலும் 300 அளவுக்குத்தான் விஷயம் இருக்கும், அதுக்கு மேல 1200, 2400-ன்னு ஏத்துனா பேப்பரோட சொரசொரப்புதான் கெடைக்கும். பழைய ஃபிலிம் காலத்து போட்டோன்னா அது வேற. அப்பா சின்ன வயசுல எடுத்த பாஸ்போர்ட் சைஸ் எங்கயாவது இருக்கா பாரு, பீரோ லாக்கர், பழைய பர்ஸ், வேலை பாத்த இடத்து ஐடி கார்டு, எல்ஐசி பாண்டு கவரு. 35-க்கு 45 மில்லிமீட்டர் ஃபிலிம் பிரிண்ட 1200-ல ஸ்கேன் பண்ணா 1650-க்கு 2125 சில்லற வரும், அதுல எல்லாமே நெஜ விஷயம்னு சொல்ல மாட்டேன், ஆனா வாட்ஸ்அப் ஃபைலுக்கு எவ்வளவோ மேல். நெகட்டிவ் கெடச்சா லாட்டரி. 36-க்கு 24 மில்லிமீட்டர் நெகட்டிவ 2400-ல ஸ்கேன் எடுத்தா 3400-க்கு 2270 கிட்ட வரும். நம்ம பக்கம் கடல் காத்துக்கு பூஞ்சை பிடிச்சிருக்கும், தொடைக்காத, அப்படியே கவரோட கொண்டா.

ஒண்ணு மறக்காத. பழைய போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா பிய்க்கவே பிய்க்காத. ராயபுரத்துல இருந்து ஒரு அம்மா, கத்தி விட்டு பிரிச்சு எடுத்துட்டு வந்தாங்க, பாதி மூஞ்சி கண்ணாடில, பாதி மூஞ்சி பேப்பர்ல. கண்ணாடியோடயே ஸ்கேனர் மேல வச்சிடலாம், கொஞ்சம் தூசி வரும், அத சரி பண்றது ஒரு மணி நேர வேலைதான்.

இப்ப ஏஐ. நீ கேக்க வந்ததே அதான்னு தெரியும். அப்ஸ்கேல்னு ஓசியில கம்ப்யூட்டர்ல போடுற சாப்ட்வேர் இருக்கு, போட்டோஷாப்ல ப்ரிசர்வ் டீடெயில்ஸ் 2.0 இருக்கு, காசு குடுத்து வாங்குறதும் இருக்கு. நான் இத எதிர்க்குற ஆளு இல்ல, தினமும் தொடுறேன். ஆனா மூணு வருஷம் முன்னாடி நடந்தத சொல்றேன் கேளு.

காசிமேட்டுல இருந்து ஒரு ஆயா, பேரனோட வந்துச்சு. வீட்டுக்காரர் போட்டோ, ஏதோ கார்டுல இருந்து கிழிச்ச கட்டவிரல் நகம் அளவு படம். ஆர்வக்கோளாறுல அத ஸ்கேன் பண்ணி ஏஐல போட்டு நாலு மடங்கு, அதுக்கு மேல இன்னும் நாலு மடங்கு, மூஞ்சிய தெளிவாக்குற பட்டன் வேற ஒண்ணு இருந்துச்சு அதையும் அமுக்குனேன். மானிட்டர்ல வந்தத பாத்து எனக்கே மெர்சல், மீசை முடி ஒவ்வொண்ணா எண்ணலாம். 12×18-ல பிரிண்ட் போட்டு வச்சேன். ஆயா வந்து கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துச்சு. "ஷோக்கா கீதுப்பா"ன்னுச்சு. அப்புறம், "ஆனா இது அவரு இல்லியே"ன்னுச்சு. பேரன், "அதே போட்டோதான் ஆயா, பெருசு பண்ணிக்கிறாங்க"ன்னு சொல்றான், அது தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு. அப்புறம்தான் பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு பாத்தேன். அவருக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு, லாஞ்சுல கயிறு அறுந்து அடிச்சதாம், பழைய படத்துல ரெண்டே ரெண்டு பிக்சல்ல வெள்ளையா இருந்துச்சு. ஏஐ அத அழுக்குன்னு நினைச்சு புருவத்த நல்லா வளர்த்து விட்டுடுச்சு. ஒரு கண்ணு கொஞ்சம் சாஞ்சிருந்ததையும் நேராக்கிடுச்சு. அழகான ஆளு ஒருத்தர் வந்துட்டாரு, ஆயாவோட புருஷன் போயிட்டாரு. அந்த பிரிண்ட கிழிச்சு போட்டுட்டு பழைய ஸ்கேன்ல இருந்தே 5×7-ல கொஞ்சம் மங்கலா, புள்ளியோட போட்டுக் குடுத்தேன். காசு வாங்கல.

அதனால உனக்கு சொல்றது இதான், கேமரா ஃபைல்ல இருந்து வெட்டுன 787-க்கு 982 கெடச்சா அத ரெண்டே ரெண்டு மடங்கு மட்டும் ஏஐல பெருசாக்கு, மூஞ்சிய அழகாக்குற பட்டன தொடவே தொடாத. அதே படத்த போட்டோஷாப்ல சாதாரண பைகியூபிக்ல, அதாவது பக்கத்து பிக்சல பாத்து நிரப்புற பழைய முறைல, ரெண்டு மடங்கு ஆக்கி கீழ லேயரா வை, ஏஐ படத்த மேல வச்சு ஒபாசிட்டிய பாதிக்கு எறக்கு, மேல் படம் பாதி, கீழ் படம் பாதின்னு கலந்து தெரியும். 8×10-க்கு இன்ச்சுக்கு 197 வரும், கிட்ட வந்து பாக்குற சொந்தக்காரங்களுக்கும் தாங்கும். முடிச்சதும் நீ மட்டும் பாக்காத, அம்மாவ கூப்பிட்டு காட்டு, எத வச்சு எத செஞ்சன்னு சொல்லாத, அவங்க முகத்த பாரு.

எங்கயும் எதுவுமே கெடைக்கல, வாட்ஸ்அப் ஃபைல் ஒண்ணுதான்னா? அப்ப சின்னதா போடு, 2 இன்ச்சுல. சிரிக்காத. 1957-ல அமெரிக்காவுல ரஸ்ஸல் கிர்ஷ்னு ஒருத்தர் மொத மொதல்ல ஒரு போட்டோவ ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்துனாரு, அவரோட மூணு மாச கைக்குழந்தை போட்டோ, 176-க்கு 176, மொத்தம் 30,976 பிக்சல். இன்னைக்கும் அத பாத்தா ஒரு குழந்தை மூஞ்சின்னு பளிச்சுன்னு தெரியும், ஏன்னா அது அஞ்சு சென்டிமீட்டர் படம். உன்கிட்ட அத விட அதிகமா 55 ஆயிரம் இருக்கு. அஞ்சு சென்டிமீட்டர் அகலத்துல அப்பா சிரிக்கிறது நல்லாவே தெரியும், அழகான சின்ன பிரேம்ல சாமி ரூம்ல வைக்கலாம்.

தங்கச்சி விஷயத்துக்கு வரேன், இது பத்து நிமிஷ வேலை. அவ பண்ற தப்பு என்னன்னா போன்ல எடுத்த 4000-க்கு 3000 போட்டோவ அப்படியே வச்சுக்கிட்டு கேபிய மட்டும் அமுக்குறா. அமுக்காம வச்சா அந்தப் படம் 3 கோடியே 60 லட்சம் பைட்டு, அத 50 கேபிக்குள்ள தள்ளணும்னா 700 மடங்கு அமுக்கணும், கட்டம் கட்டமா வராம என்ன பண்ணும். பேங்க் எக்ஸாம் நடத்துற ஐபிபிஎஸ்ல போட்டோவுக்கு கேக்குறது 200-க்கு 230 பிக்சல், 20-ல இருந்து 50 கேபி. கையெழுத்துக்கு 140-க்கு 60, 10-ல இருந்து 20 கேபி. எந்த எக்ஸாமோ அதோட நோட்டிபிகேஷன்ல ஒருக்கா பாத்துக்கச் சொல்லு. இப்ப கணக்கு போடு, 200-க்கு 230-ங்கிறது 46,000 பிக்சல், பிக்சலுக்கு 3 பைட்டு, அமுக்கவே அமுக்காம வச்சாலும் 135 கேபிதான். மூணுல ஒரு பங்கா அமுக்குனாலே 45 கேபி, அதுல கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. மொதல்ல பிக்சல கொறைக்கணும், கேபி தானா கொறையும். ரொம்ப அமுக்குனா 20-க்கு கீழ போயி அதுக்கும் ரிஜெக்ட் ஆவும், பாத்துக்கோ.

கம்ப்யூட்டர்ல இர்ஃபான்வியூ ஓசியில கெடைக்கும். படத்த திறந்து 200-க்கு 230 விகிதத்துக்கு மூஞ்சிய கட்டம் போட்டு கிராப் பண்ணு. கிராப் பண்ணாம நேரா 200, 230-ன்னு அடிச்சா மூஞ்சி பக்கவாட்டுல இழுத்துக்கிட்டு இட்லி மாதிரி வரும், ஏன்னா நம்ம பாஸ்போர்ட் சைஸோட விகிதம் வேற இதோட விகிதம் வேற. கிராப் ஆனதும் கன்ட்ரோல் ஆர் அமுக்கி 200 போடு, கீழ ஃபில்டர்ல லாங்சோஸ்னு இருக்கும், அத எடு. லேசா ஒரே ஒரு தடவ ஷார்ப்பன். சேவ் பண்ணும்போது குவாலிட்டி 90-ல ஆரம்பிச்சு கேபிய பாத்து ஏத்தி எறக்கிக்கோ, ஒவ்வொரு தடவையும் ஒரிஜினல்ல இருந்துதான் சேவ் பண்ணணும், சேவ் பண்ணத திறந்து திரும்ப சேவ் பண்ணக் கூடாது. பேர மாத்தி சேவ் பண்ணு, ஒரிஜினல் மேலயே ஏத்தி சேவ் பண்ணி என் பையனோட மொத பொறந்தநாள் போட்டோவ நான் 640 பிக்சலா ஆக்கி வச்சிருக்கேன், வீட்ல இன்னும் திட்டு விழுது.

லாங்சோஸ் எதுக்குன்னா, சின்னதாக்கும்போது பல பிக்சல சேத்து ஒரு பிக்சல் ஆவும், 20-க்கு 20 கட்டம்னா 400 பேர் ஓட்டுப் போட்டு ஒரு கவுன்சிலர் வர்ற மாதிரி. நல்ல ஃபில்டர் 400 பேரையும் கேக்கும். மட்டமான ஆப்புங்க நியரஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்கும், அது நடுவுல ஒருத்தன மட்டும் புடிச்சு கவுன்சிலர் ஆக்கிட்டு மீதி 399 பேர கண்டுக்காது. சந்தேகமா இருந்தா கட்டம் போட்ட லுங்கி கட்டுன யாரையாவது போட்டோ எடுத்து அதுல சின்னதாக்கி பாரு, நேரா இருக்குற கட்டம் வளைஞ்சு வளைஞ்சு தண்ணில நெளியிற மாதிரி வரும், சில இடத்துல கட்டமே காணாம போயிடும். பேர் தெரியாத ஆப்ல தங்கச்சி போட்டோவையும் கையெழுத்தையும் ஏத்தாத, அது எங்க போவுதுன்னு யாருக்கும் தெரியாது, வீட்ல கம்ப்யூட்டர் இல்லன்னா கடைக்கு அனுப்பி வை.

இப்போதைக்கு அந்த கல்யாண போட்டோகிராபருக்கு இன்னைக்கே ஒரு போன் போடு, ஏழெட்டு வருஷ பழைய டிஸ்க்க வருஷக் கடைசில அழிச்சிட்டு புது வேலைக்கு எடுத்துக்குறவங்க எங்க ஆளுங்க. இருக்குன்னு சொன்னாருன்னா வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பச் சொல்லாத, டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லு, இல்லன்னா பென் டிரைவ் எடுத்துக்கிட்டு நேர்லயே போ. அந்த ஒரு படம் மட்டும் கேக்காத, மேடையில எடுத்த அத்தனையும் வாங்கிட்டு வா, குரூப் போட்டோன்னா நாலஞ்சு கிளிக் எடுத்திருப்பாரு, அதுல ஒண்ணுல அப்பா கேமராவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட நின்னுக்கிட்டு இருக்கலாம்.